ஆறாவது ஷரத்து

என் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த ஏழு வாரத்தில் இருபத்து மூன்று பேர் அவளிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

"ஆறாவது ஷரத்தா? மறந்துபோச்சும்மா."

கிடங்கின் வடக்கு வாசலில் மூட்டை தூக்கியவர்களும் சொன்னார்கள், தெற்கு வாசலில் தூக்கியவர்களும் சொன்னார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு சங்கங்கள் இதில் மட்டும் ஒத்துப்போயின.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், எந்த லாரியில் எந்தச் சங்கம் சரக்கு இறக்குவது என்ற தகராறு கிடங்கு வாசலில் கைகலப்பானது. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் விலக்கிவிட இறங்கிப் போனார். இரும்புக் கம்பியால் தலையில் ஓர் அடி. ஆஸ்பத்திரிவரைகூடத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நடுப்பகலில் தெற்கு வாசல் சங்கத்தின் கொட்டகை எரிந்தது. உள்ளே ஒருவர் இருந்தார். அவர் மனைவி தையல் கடை வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் டெய்லரம்மா.

மின்கசிவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கொளுத்தியது என் கொழுந்தன். என் கணவரின் தம்பி. தகப்பனில்லாத என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா.

விசில்காரர் என்று நாங்கள் கூப்பிட்ட பழைய மேஸ்திரி ஒருவர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் எழுதினார். யாரும் யார்மீதும் சாட்சி சொல்வதில்லை என்பதும் அதில் உண்டு. ஐந்து ஷரத்துகள் தாளில் இருந்தன. 'ஆறாவது வாய்மொழி' என்று மட்டும் அடியில் எழுதிவிட்டு, அதை வாயால் ஒப்புக்கொண்டோம்: எந்தப் பிள்ளையிடமும், செய்தது யார் என்று சொல்லக் கூடாது. தாளில் எழுதினால் பிள்ளைகள் வளர்ந்து படித்துவிடுவார்கள் என்று விசில்காரர் சொன்னார். அந்த ஷரத்தைக் கேட்டு வாங்கியவள் நான்.

ஆக, உங்களுக்குத் தெரியும். கொளுத்தியது யார் என்று எங்கள் பேட்டையில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியக் கூடாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மகள். இன்னொருவன் டெய்லரம்மாவின் மகன்.

என் மகளோ சமாதானமும் பிணக்குத் தீர்வும் படிக்க, சர்வதேச உதவித்தொகையில் போயிருந்தாள். பதினைந்து மாதப் படிப்பு. நடுவில் பத்து வாரம் களப்பணி. அவளுடைய வகுப்பில் போர் நடந்த தேசங்களிலிருந்து வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரு கிடங்குச் சண்டையை எடுத்துக்கொண்டவள் இவள் மட்டும்தான். அவளுடைய பேராசிரியைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். பதினெட்டு வருஷம் உடையாத ஒப்பந்தமா, அதை எது தாங்கிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தார்.

அதைக் கண்டுபிடித்துவிட்டால் அதுவே உடைந்துவிடும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

*

அன்று காலை எட்டு மணிக்கு என் மகள் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இந்தப் படிவத்தைக் கொஞ்சம் பாரேன். தமிழ் கரடுமுரடா இருக்கு."

பாடப்புத்தகம் அச்சிடும் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள் நான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டி கொடுக்கிறவர்களிடம் சம்மதம் வாங்கும் படிவம் அது.

"'ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர் எவ்வேளையிலும் பங்கேற்பினின்று விலகும் உரிமை உடையவராவார்.' இது என்னடி, ஆளை மேஜையில படுக்க வெச்சுக் கிழிக்கப்போறியா?"

"சும்மா கிண்டல் பண்ணாதே. எப்படி எழுதறதுன்னு சொல்லு."

"'பேசப் பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்.' அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்று சிரித்தாள். "உன்னை எங்க யுனிவர்சிட்டில கொண்டுபோய் உட்கார வெச்சா பாதிப் புத்தகம் காணாமப் போயிடும்."

"இருபத்து மூணு பேர்கிட்டயும் இதையா நீட்டினே?"

"அவங்க யாரும் படிக்கல. குடுத்த இடத்துல கையெழுத்துப் போட்டாங்க. இன்னிக்கு வர்றவங்களுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசிச்சுக் காட்டணும். அதான் உன்கிட்ட கேக்கறேன்."

"யாரு வர்றாங்க?"

"டெய்லரம்மா."

பேனா முள் தாளில் ஊன்றியபடி நின்றுவிட்டது. எடுத்தபோது அங்கே பொட்டளவுக்குச் சிவப்பு ஊறியிருந்தது.

"அவங்க கடைக்கு ரெண்டு தடவை போனேன்மா. சட்டை தைக்கணும்னு. முதல் தடவை பேசவே இல்ல. நேத்து அளவு எடுத்துக்கிட்டே, 'நான் உங்க வீட்டுக்கு வரேன்'னாங்க. அவங்களா சொன்னாங்க."

"இங்கயா?"

"ஏன், உனக்குக் கஷ்டமா இருக்கா? வேணும்னா வேற இடம் பாக்கறேன். ஆனா அவங்க ரொம்ப முக்கியம்மா. உன்னை மாதிரியே இழந்தவங்க. உன்னை மாதிரியே அவங்களையும் யாரும் கேக்கல."

அவளுடைய ஆய்வின் உயிரே அதுதான். வந்த முதல் வாரமே விசில்காரர் வீட்டுப் பரணிலிருந்து, அவர் மருமகள் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதில் நான்கு கையெழுத்து, இரண்டு கைரேகை. ஆறும் சுமை தூக்கும் ஆண்களுடையது என்று என் மகள் முடிவுகட்டிவிட்டாள். 'இழந்த பெண்களைக் கேட்காமலே எழுதப்பட்ட சமாதானம்' என்று ஒரு அத்தியாயமே எழுதி அனுப்பிவிட்டாள். பேராசிரியை அதைப் பாராட்டிப் பதில் போட்டிருந்தார்.

உனக்கு ஏதாவது தெரியுமா அம்மா என்று அவள் கேட்டபோது, என்னை யார் கேட்டார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

"வரட்டும்," என்றேன். மீதிப் படிவத்தையும் திருத்திக் கொடுத்தேன்.

*

ஒன்பதரைக்குக் கொழுந்தன் வந்தான். கிடங்கில் எடைமேடையில் வேலை அவனுக்கு. லாரிகள் சரக்கோடு ஏறும், காலியாக ஏறும். இரண்டையும் நிறுத்துக் குறித்துக் கொடுப்பான். அன்று வார விடுமுறை. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டை இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

"என்ன வக்கீலம்மா, உலகத்துல சண்டையெல்லாம் தீந்துதா?"

"நீ வேலை பாக்குற இடத்துல தீந்தாலே போதும் சித்தப்பா."

"அங்க ஏது சண்டை? நிறுத்துப் போட்டா எல்லாம் ஒரே மூட்டைதான்." சொல்லிக்கொண்டே அடுக்களைக்கு வந்தவன் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"டெய்லரம்மா வராங்க. பதினோரு மணிக்கு."

"எங்க?"

"இங்கதான். பாப்பா பேட்டி எடுக்கப்போறா."

அவன் குழாயைத் திறந்து முகம் கழுவினான். துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் கிளம்பறேன்."

"வந்ததும் வராததுமா ஏன் போறேன்னு அவ கேப்பா."

"இருந்தா?"

அவன் அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்தான். ஐம்பது வயதாகப்போகிறது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம், எடை போடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்று சிரித்து மழுப்புவான்.

"அண்ணி, நானே சொல்லிடட்டுமா?"

"வாயை மூடு."

"பதினெட்டு வருஷமா மூடிட்டுத்தானே இருக்கேன்? அவ வெளிநாடு போக ஃபாரம் நிரப்பினாளே, அதுல ஒரு கேள்வி. 'உங்களை இந்தப் படிப்புக்கு வரவைத்த மனிதர் யார்?' என்னை எழுதினா. 'கை ஓங்கத் தெரியாதவர்'னு. எனக்கு உட்காந்து வாசிச்சுக் காட்டினா அண்ணி. அன்னிக்குச் சோறு இறங்கல."

"அவ ஒருத்தி மட்டும்னா பரவாயில்ல. அந்தப் பையன்?"

டெய்லரம்மாவின் மகன் லாரி ஓட்டுகிறான். தினமும் எடைமேடையில் வண்டியை நிறுத்துவான். இருபத்து மூன்று வயது. அப்பா முகம் அவனுக்கு நினைவில் இல்லை.

"'வணக்கம் மாமா'ங்கறான்," என்றான் கொழுந்தன். "ஒரு நாள் விடாம. சீட்டை வாங்கிட்டு, 'சரியா போட்டீங்களா மாமா'ன்னு கேலி பண்றான்."

"அதுக்காகத்தான் சொல்றேன். ஆறாவது ஷரத்து அவனுக்கும் சேர்த்துத்தான். அவன் ஒருத்தனைத் தேடிட்டுக் கிளம்பக் கூடாது. நம்ம பொண்ணும் ஒருத்தனைத் தேடிட்டுக் கிளம்பக் கூடாது. வேற எதுவும் வேண்டாம்னுதானே அன்னிக்கு அந்த ஒண்ணைக் கேட்டேன்?"

அவன் எழுந்து, எல்லாருக்கும் தேநீர் போடத் தண்ணீர் வைத்தான். மணி பத்துகூட ஆகவில்லை.

*

டெய்லரம்மா சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். அளக்கும் டேப்பைக் கழற்ற மறந்து கழுத்தோடு வந்துவிட்டார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. பஸ்ஸில் போகும்போது அவருடைய கடையை நான் தலையைத் திருப்பாமல் கடந்திருக்கிறேன், எத்தனையோ தடவை. அவரும் தைத்துக்கொண்டிருக்கும் துணியிலிருந்து தலை தூக்கியதில்லை.

"வாங்க," என்றேன்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்."

அவர் கண் என்னைத் தாண்டி அடுக்களை வாசலுக்குப் போனது. கொழுந்தன் கையில் கரண்டியோடு நின்றிருந்தான்.

"எடைமேடைத் தம்பியா? சுகமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்மணிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிக் கேட்டார். அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. பேட்டி நடக்கும்போது வேற யாரும் இருக்கக் கூடாது," என்றாள் மகள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் அடுக்களையில் நின்றோம். முதலில் படிவத்தை வாசித்துக் காட்டும் குரல் கேட்டது. 'பேசப் பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்.' பிறகு சொற்கள் தெளிவாக விழவில்லை. ஒரு தடவை டெய்லரம்மா சிரித்தார். அது எங்களைத் தூக்கிவாரிப்போட்டது.

தேநீர் ஆறி ஏடு கட்டியது. கொழுந்தன் அதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டான்.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. டெய்லரம்மாவின் கண் சிவந்திருந்தது. என் மகள் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்துவந்து வழியனுப்பவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை அப்படி விடுகிற பெண் இல்லை அவள்.

வாசல்வரை நான் போனேன். படியிறங்கும் முன் டெய்லரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறாவதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலக்கா. சத்தியமா."

"சரி."

"ஆனா தாளைக் காட்டி, இது யாரோட ரேகைன்னு கேட்டுட்டா. பொய் வாயில வரல. ஒண்ணு என்னது, ஒண்ணு உங்கம்மாவோடதுன்னுட்டேன். எனக்கு அதை வாசிச்சுக் காட்டினதே உங்கம்மாதான்னு சொன்னேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏங்க வந்தீங்க?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"உங்க பொண்ணு அளவு குடுக்கும்போது, 'உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்'னு கேட்டா. பதினெட்டு வருஷத்துல யாரும் என்னைக் கேட்டதில்ல. பேச்சை எடுத்தா எங்க போய் முடியுமோன்னு எல்லாரும் சுத்திப் போயிடறாங்க. என் பையன்கிட்டகூட நான் பேசறதில்ல. இன்னிக்குப் பேசினேன். அவர் சாப்பாட்டுல உப்பைக் கொட்டிக்கிற கதையைச் சொன்னேன்." டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "பையனும் நாளைக்கு இங்க வரேங்கறான்க்கா. நேத்து அவ தாளைக் காட்டினப்போ கடையில அவனும் இருந்தான். ஆறாவது வாய்மொழின்னு போட்டிருக்கே, அது என்னம்மான்னு துருவித் துருவிக் கேட்டான். மறந்துபோச்சுன்னேன். நம்பல."

அவர் தெருத் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

*

"உட்காரும்மா," என்றாள் மகள்.

மேஜைமேல் ஒலிப்பதிவுக் கருவி. பக்கத்தில் ஒரு புதுப் படிவம். நான் திருத்திக் கொடுத்ததேதான்.

"என்னடி இது?"

"நீ பேட்டி குடுக்கணும். அம்மாவா பேசினா என்கிட்ட பொய் சொல்ற. இப்படியாவது பேசறியான்னு பாக்கறேன்."

"பாப்பா..."

"முப்பது வருஷமா ஊரான் பிள்ளைங்க புத்தகத்துல பிழை திருத்தினவ. நீ ஏன் கைநாட்டு வெச்சே? உன்னைக் கேக்கலன்னு சொன்னியே, அதை நான் அச்சடிக்காத குறையா அனுப்பிட்டேன். நீயே பொய் சொன்னா நான் இனிமே யாரை நம்பி எழுதறது? மூட்டை கட்டிட்டுத் திரும்பிப் போறேன். படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்; அச்சகத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

"ஏன் ரேகை?" என்றாள்.

"அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவங்க ரேகை வெச்சாங்க. பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டா, எழுதப் படிக்கத் தெரிஞ்சவ தெரியாதவளை ஏமாத்தின மாதிரி இருக்கும்னு பட்டுது. அப்புறம்..."

"அப்புறம்?"

"உங்கப்பா செத்ததுக்கு அடியில என் கையெழுத்தைப் பாக்க எனக்குப் பிடிக்கல."

அவள் எழுதிக்கொள்ளவில்லை. "ஆறாவது ஷரத்து என்ன?"

நான் யோசித்தேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான் ஷரத்து. ஷரத்து இன்னது என்று சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் நான் எதையும் மீறவில்லை. வாழ்நாள் முழுக்க எழுத்துக்கு எழுத்து பார்த்தே பழகிய புத்தி. வரியைப் பார்த்துவிட்டு, அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்காமல் விட்டது.

"எந்தப் பிள்ளைகிட்டயும் யார் செஞ்சதுன்னு சொல்லக் கூடாது. அதுதான்."

"யார் என்ன செஞ்சது? அப்பாவை அடிச்சதா?"

"அதுவும்."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்க அந்தப் படிப்பு அவளைப் பழக்கியிருந்தது.

"அதுவும்னா? எந்தப் பிள்ளைகிட்டயும்னா?" அவள் மெல்ல நிமிர்ந்தாள். "கொட்டகை மின்கசிவு இல்லையா? அந்தப் பையனுக்கும் ஒரு பேரை மறைக்கறீங்களா? அப்படின்னா அது நம்ம பக்கத்து ஆள். யாரும்மா?"

அடுக்களையில் தம்ளர் கழுவும் சத்தம் நின்றுபோனது.

என் மகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துவைத்தவள்போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிக் கருவியை அணைக்கப் போனாள்.

"அணைக்காதே கண்ணு. ஓடட்டும்," என்றான் கொழுந்தன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, டெய்லரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். "நான்தான்."

"தம்பி, எழுந்து போ," என்றேன்.

"நீங்க சொல்லக் கூடாதுன்னுதான் ஷரத்து அண்ணி. நான் அதுல கையெழுத்துப் போடல."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதுகை நேராக்கினாள். தாளை ஒழுங்காக அடுக்கினாள். பிறகு ஒரு குரலில் பேசினாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"நீங்க கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

பேச்சு வந்த நாளிலிருந்து அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அவன் நெஞ்சில் அது எங்கே பட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம்."

"நீங்க இப்ப நிறுத்திக்கலாம். எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம். இதுக்குமேல சொல்றதை ரகசியமா வெச்சுக்க என்னால முடியாமப் போகலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"தொடர விரும்பறீங்களா?"

"விரும்பறேன்."

படித்துக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் செய்தாள். மேஜைக்கு அடியில் அவளுடைய முழங்கால் மட்டும் தையல் மிஷின்போல ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரும் இல்லன்னு நினைச்சேன்," என்றான். "எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. யாராவது ஓடி வந்து அணைச்சிடக் கூடாதுன்னு வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் காய்ச்சல்னு மூலையில படுத்திருந்திருக்கார். அண்ணனை அடிச்ச அன்னிக்கு அவர் வேலைக்கே வரல. அவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"கத்தினாரா?"

"ம்."

"நீங்க திறந்தீங்களா?"

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "தாழ்ப்பாள்ல கையை வெச்சேன். சுட்டுது. எடுத்துட்டேன்."

அவ்வளவுதான். எனக்கே அதுவரை சொல்லாதது அது. ஓடிவிட்டேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தான். திறக்கப்போனதைச் சொன்னதில்லை. கையை எடுத்ததையும் சொன்னதில்லை.

மகள் கருவியை அணைத்தாள். அணைத்த பிறகும் அதே குரலில் கேட்டாள்:

"எங்கப்பாவை அடிச்சது யாரு?"

"அது எனக்குத் தெரியாது கண்ணு. தெரிஞ்சிருந்தா அந்தக் கொட்டகைக்குப் போயிருக்க மாட்டேன். உங்கம்மாவுக்குத் தெரியும். என்கிட்டகூடச் சொல்லல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெயர் வெளியே வந்துவிட்டது. இன்னொன்றாவது இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு அந்தப் பையன் வரான்," என்றேன் கடைசியில். "அவனை வர வேண்டாம்னு சொல்லிடு."

"சொன்னா அவனுக்கு அப்பவே தெரிஞ்சிடும். சொல்ல மாட்டேங்கறாங்கன்னுதான் எனக்கே சந்தேகம் வந்தது." இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தாள். "ஏழு வாரமா இதை எது தாங்கிப் பிடிக்குதுன்னு தேடினேன். இனிமே நானும் பிடிக்கணுமா? அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு?"

"பிடிக்க வேண்டாம். விட்டுடு," என்றான் கொழுந்தன். "நானே அவன்கிட்ட..."

மேஜைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு எங்களுக்காக வாய்விட்டுப் படித்தாள்.

"'அம்மா கடையைச் சாத்திட்டு அழுதுக்கிட்டே இருக்காங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவங்ககிட்ட என்ன கேட்டீங்க? நாளைக்கு வேண்டாம். இப்பவே வரேன்.'"

"எப்ப அனுப்பினது?"

"கால் மணி நேரம் ஆச்சு. நான் பாக்கல."

"பின்பக்கமாப் போ தம்பி," என்று எழுந்தேன். "எழுந்திரு. போன்னு சொல்றேன்ல."

அவன் நாற்காலியைவிட்டு அசையவில்லை. மேலே ஒரு பட்டன் திறந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்வதுபோல் இருந்தது. சிரிப்பு வரவேண்டிய நேரம் இல்லை அது. இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது.

"நீ சொல்லுடி! அதுக்குத்தானே படிக்கப் போனே?"

"ரெண்டு பேரையும் தனித்தனியா பாத்துப் பேசி, ரெண்டு பேரும் சம்மதிச்ச பிறகுதான் ஒரே அறையில உட்கார வைக்கணும்மா. மாசக்கணக்கா ஆகும். அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க." அவள் எழுந்து ஜன்னல் ஓரத்து நாற்காலியை இழுத்தாள். கதவுக்கு நேராகப் போட்டாள். அது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தாள். "சம்மதிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் வந்துட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லல."

"சித்தப்பா," என்றாள் பிறகு. அந்தப் புதுக் குரல் போய்விட்டிருந்தது. "நீ போயிடேன்."

"போறேன் கண்ணு. அவன் வந்துட்டுப் போகட்டும்."

எங்கள் தெரு குறுகல். ஆட்டோ வந்தாலே இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க வேண்டும். தெருமுனையில் ஒரு கனத்த வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. யாரோ, இதுக்குள்ள எங்கப்பா வர்றே என்று கத்தினார்கள். வண்டி நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்க ஆரம்பித்தது.

கொழுந்தன் தலையைச் சாய்த்துக் கேட்டான். இருபது வருஷம் லாரிகளை நிறுத்த காது.

"காலி வண்டி," என்றான். "அதான் இவ்வளவு வேகமா வருது."